ஒரு பானைச் சோறும் ஒரு நாட்டின் கணக்கும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழியாகும். அடுப்படியில் நிற்கும் தாய் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பானை முழுவதன் பதத்தையும் அறிந்து கொள்கிறாள். ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எதற்குச் செலவிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறியப் புள்ளிவிபரவியலாளர் கையாளும் முறையும் இதுவே. எல்லா வீடுகளையும் கேட்பதற்குக் காலமும் பொருளும் போதா. ஆகவே சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்கள்.

இலங்கையில் இம்முயற்சி புதியதன்று. 1953ஆம் ஆண்டில் மத்திய வங்கி நுகர்வோர் நிதி பற்றிய தனது முதலாவது அளவீட்டை நடத்தியது. பின்னர் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான, செலவின அளவீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடத்தி வரலாயிற்று. 2016ஆம் ஆண்டு அளவீட்டுக்கு நாடெங்கும் 25,000 வீட்டு அலகுகள் தெரிவு செய்யப்பட்டன.

ஆயினும் பழமொழியில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தாலன்றி ஒரு பருக்கை பதம் காட்டாது. நாடோ ஒரே சீராக வெந்த பானையன்று. 2016ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நகர்ப்புறத்தில் 88,692 ரூபா. கிராமப்புறத்தில் 58,137 ரூபா. தோட்டப்புறத்தில் 34,804 ரூபா. இதனாலேயே நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவிலிருந்தும், ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் தனித்தனியே வீடுகள் தெரிவு செய்யப்படுகின்றன. காலமும் அவ்வாறே பங்கிடப்படுகிறது. நெல் அறுவடையான மாதத்தில் விவசாயியின் கை நிறைந்திருக்கும். விதைப்பு மாதத்தில் வெறுமையாயிருக்கும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் மீனவனின் வள்ளம் கரையில் கிடக்கும். ஆகையால் வேலை பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவி நடைபெறுகிறது.

வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் சம்பளத்தை மாத்திரம் கேட்டுச் செல்வதில்லை. ஒரு கிழமையில் சமைத்த அரிசி எவ்வளவு, தேங்காய் எத்தனை, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று விசாரிக்கிறார். வளவில் காய்த்த முருங்கைக்காயும், வீட்டுக் கோழி இட்ட முட்டையும் பணம் கொடுத்து வாங்கப்படாதவை எனினும், அவற்றுக்கும் விலை மதித்துக் கணக்கில் சேர்க்கிறார். காசைக் காணாத உழைப்பின் பயனும் வருமானமே என்பதை இம்முறை ஒப்புக்கொள்கிறது.

கிடைத்த எண்களை வாசிப்பதிலும் விழிப்பு வேண்டும். 2019ஆம் ஆண்டில் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. அப்படியாயின் பாதிப் பேருக்காவது அவ்வளவு கிடைத்திருக்கும் என்று ஒருவர் எண்ணலாம், அது தவறு. எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் 53,333 ரூபா மாத்திரமே. மேலே உள்ள சிலரின் பெருஞ் செல்வம் சராசரியை உயர்த்திவிடுகிறது. சராசரியைப் பார்த்து மகிழ்பவர் நடுவில் நிற்பவரையும் பார்த்தல் வேண்டும்.

வறுமையைப் பற்றிய எண்ணும் அத்தகையதே. 2016ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4.1 பேர் வறியவர் என்றும், 2019ஆம் ஆண்டில் நூற்றுக்கு 14.3 பேர் வறியவர் என்றும் வெளியிடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் வறுமை மும்மடங்குக்கு மேல் பெருகிவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. முந்திய எண் 2002ஆம் ஆண்டின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட வறுமைக் கோட்டால் அளக்கப்பட்டது. பிந்தியது 2012/13ஆம் ஆண்டின் வாழ்க்கையைக் கொண்டு வரையப்பட்ட புதிய கோட்டால் அளக்கப்பட்டது. அளவுகோல் மாறியதை அறியாமல் எண்களை ஒப்பிடுவோர் தாமும் மயங்கிப் பிறரையும் மயக்குவர்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பானையின் ஒரு பகுதியைத் தொடாமலே பதம் சொல்வதாகும். போர்க்காலத்தில் அதுவே நேர்ந்தது. 1990/91, 1995/96, 2002 ஆகிய அளவீடுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. 2009/10இலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்கள் விடுபட்டிருந்தன. 2012/13ஆம் ஆண்டு அளவீட்டிலேதான் இருபத்தைந்து மாவட்டங்களும் ஒருங்கே சேர்ந்தன. அப்போது நாட்டில் வறியோர் நூற்றுக்கு 6.7 பேராயிருக்க, முல்லைத்தீவிலோ 28.8 பேராயிருந்தனர். அந்த வறுமை அவ்வாண்டில் பிறந்ததன்று; அவ்வாண்டில்தான் எண்ணப்பட்டது. எண்ணப்படாத துன்பம் ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாத துன்பத்துக்கு நிதி ஒதுக்கப்படுவதும் அரிது.

எண்களுக்கு ஆயுளும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அதற்கு முந்திய ஆண்டிலும் பார்க்க ஏறத்தாழ நூற்றுக்கு 70 உயர்ந்திருந்தது. 2019இல் எடுத்த கணக்கைக் கொண்டு அந்த உயர்வுக்குப் பிந்திய அடுப்படியை அளந்துவிட முடியாது. அளவீடுகள் காலந் தவறாமல் நடைபெற வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

நேயர்களே, இப்பெருங் கணக்கின் உறுதியெல்லாம் வீட்டு வாசலில் நடைபெறும் சிறு உரையாடலிலேயே தங்கியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் வரி வந்துவிடுமோ என்று வசதியுள்ளவர் குறைத்துச் சொல்வதுண்டு. நிவாரணம் நின்றுவிடுமோ என்று வறியவர் மறைப்பதுண்டு. மானத்துக்கு அஞ்சிக் கூட்டிச் சொல்வோரும் உளர். தனிப்பட்டவர் கொடுக்கும் விபரங்கள் சட்டத்தால் காக்கப்படுகின்றன, கூட்டுத்தொகையே வெளிவருகிறது. தெரிவு செய்யப்பட்ட ஒவ்வொரு வீடும் தெரிவு செய்யப்படாத பல வீடுகளின் சார்பாகப் பேசுகிறது. அவ்வீட்டில் மறைக்கப்படும் ஒரு பட்டினி பல வீடுகளின் பட்டினியை மறைக்கும். அங்கே சொல்லப்படும் ஓர் உண்மை அத்தனை வீடுகளுக்கும் குரலாகும்.