உடலுக்கும் ஒரு பாடு உண்டு

(பழவேற்காட்டுக் குப்பத்து இளையோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

பழவேற்காட்டில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. தம் இனத்தார் சாவை நினைவுறுத்த ஒல்லாந்தர் வைத்த உருவங்கள் அவை. ஆனால், அவர்கள் இக்கரையிலிருந்து கப்பலேற்றி விற்ற தமிழர்க்குக் கல்லறையும் இல்லை, கல்லெழுத்தும் இல்லை. 1613-இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையை இருப்பிடமாகக் கொண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுமம் துணி வாங்கியது, வெடிமருந்து செய்தது, பஞ்சம் வந்த காலங்களில் மாந்தரையும் வாங்கியது. பசிக்கு விற்கப்பட்ட மக்கள் பத்தாவியாவுக்கு, அதாவது இற்றைச் சகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றப்பட்டனர். வாங்கியவன் அவர்களிடம் தேடியது அறிவையா? கல்வியையா? அன்று. உழைக்கத்தக்க இளம் உடலையே தேடினான்.

கோட்டை இன்று இடிந்து புதர்மண்டிக் கிடக்கிறது. ஆனால், இளம் உடலின்மேல் வைத்த கண் மூடிவிட்டதா? மூடவில்லை! அன்று உடலை வாங்கினர். இன்று உடலைக் கெடுக்கும் பொருளை விற்கின்றனர். அன்று விலை கொடுத்தவன் அயலான். இன்று விலை கொடுப்பவன் கெடுகின்ற இளைஞனே. வேறுபாடு அவ்வளவே!

திருவள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகவும், சூதை 94-ஆம் அதிகாரமாகவும், மருந்தை 95-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இக்காயற்கரை இளைஞன் தன் உடல்நலத்தைக் காக்க வேறு வழிகாட்டியைத் தேட வேண்டுவதில்லை. இவ்வரிசையே போதும்.

முதலாவது, குடி. கடலுக்குப் போய் வந்த உடல்வலிக்கு மருந்து என்று தந்தை தொடங்குவதை மகன் ஆண்மையின் அடையாளம் என்று தொடர்கிறான். 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்கும் வேலையை அரசே மேற்கொண்டிருக்கும் நாட்டில், இளைஞனைக் காக்க அவனையன்றி வேறு யார் வருவார்? வளரும் அகவையில் மூளையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்போது ஊற்றும் மது அவ்வளர்ச்சியைக் குலைக்கும் என்பது மருத்துவர் துணிபு. புகையிலையும் அத்தகையதே. 18 அகவைக்குக் கீழ்ப்பட்டோர்க்குப் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாயில் அடக்கும் புகையிலை வாய்ப்புற்றுக்கு வழி. இவ்வளவு தெரிந்தும் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவன், கூற்றுவனுக்குத் தன் கையாலேயே கதவு திறக்கிறான்.

இரண்டாவது, சூது. அது இன்று சாவடியில் இல்லை, சட்டைப்பையில் இருக்கிறது. செல்பேசியில் பணம் வைத்தாடும் விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2023-இலும் இந்திய ஒன்றியத்தில் 2025-இலும் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்தால் ஆசை போய்விடுமா? பணம் வைக்காவிடினும் நள்ளிரவு வரை திரையைப் பார்த்துக் கிடக்கும் இளைஞன் தன் உறக்கத்தைப் பந்தயம் வைக்கிறான், நாள்தோறும் தோற்கிறான்.

மூன்றாவது, மருந்து. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரிதும் பேசுவது உணவைப் பற்றியே. இங்குத்தான் காயற்கரையின் பெருந்துயரம் இருக்கிறது. ஏரியில் பிடிபடும் பெருநண்டும் இறாலும் விலைக்குப் போகின்றன. அது குடும்பத்துக்கு வேண்டிய வருவாய், அதில் குற்றமில்லை. ஆனால், அவ்வருவாயில் பிள்ளை எதை வாங்கித் தின்கிறான்? உப்பும் எண்ணெயும் ஊறிய பொட்டலத் தீனியையும், புட்டியில் அடைத்த இனிப்பு நீரையும்! 300 மில்லி கொண்ட அப்புட்டியில் ஏறத்தாழ 30 கிராம் சருக்கரை இருக்கிறது. தாய் தலையில் சுமந்து விற்ற மீனின் பயன், மகன் வயிற்றில் சருக்கரைக் கரைசலாய் இறங்குவது எவ்வளவு பெரிய இழப்பு!

விலைபோகாத சிறுமீன் என்று ஒதுக்கப்படுவதில்தான் உடலுக்கு உரம் மிகுதி. முள்ளோடு மென்று தின்னத்தக்க நெத்திலி எலும்புக்குச் சுண்ணம் தரும். மத்தியின் கொழுப்பு நெஞ்சாங்குலைக்கு நல்லது. மடவை தசை வளர்க்கும். கருவாடும் நல்லுணவே, எனினும் உப்பு மிகுந்தது. ஆகவே, ஊறவைத்துக் கழுவி, அளவாக உண்ணல் வேண்டும். காலையில் வெறுவயிற்றோடு பள்ளிக்கு ஓடாமல் கேழ்வரகுக் கூழோ, சிறிது மீன்குழம்போடு பழஞ்சோறோ உண்டு செல்பவன் நண்பகல்வரை சோர்வறியான்.

தங்கையர்க்கு இன்னும் ஒரு சொல். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 அகவைப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர். மாதந்தோறும் குருதி இழக்கும் உடலுக்கு இரும்பு மிகுதியாக வேண்டும். ஆனால் வீடுகளில் நடப்பதென்ன? ஆண்கள் உண்டபின் சட்டியின் அடியில் தங்கிய குழம்பே பெண்ணுக்கு. மீன்துண்டு அவளை வந்தடைவதில்லை. பெரியோரே! இவ்வழக்கம் இன்றே ஒழியட்டும். முருங்கைக்கீரையும் மீனும் நெல்லிக்கனியும் பெண்பிள்ளையின் தட்டிலும் விழட்டும். சோறுண்டவுடன் தேநீர் பருகினால் உணவில் உள்ள இரும்பை உடல் செவ்வனே ஏற்காது. பள்ளியில் கிழமைதோறும் தரும் இரும்பு மாத்திரையைத் தூக்கி எறியாமல் உட்கொள்ளல் வேண்டும்.

இனி, இவ்வேரியே கற்பிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. இக்குப்பங்களில் பாடு என்னும் முறை வழிவழி வருவது. யார், எந்நாளில், எவ்விடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அறம் அது. தன் முறையில் இறங்குவதும் பிறர் முறையில் ஒதுங்குவதுமே அதன் உயிர். உடலுக்கும் அத்தகைய பாடு உண்டு! கல்விக்கு ஒரு முறை. ஆட்டத்துக்கு ஒரு முறை. உணவுக்கு ஒரு முறை. உறக்கத்துக்கு ஒரு முறை. 13 முதல் 18 அகவையினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். நாளொன்றுக்கு 60 மணித்துளியேனும் உடல் வியர்க்க இயங்குதல் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நீச்சலும் துடுப்பும் சடுகுடுவும் இருக்கும் ஊரில் உடற்பயிற்சிக்கு வேறு கூடம் எதற்கு? எனினும் நீரை எளிதாக எண்ணலாகாது. 2011 திசம்பர் 25-இல் இவ்வேரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். படகேறுவோர் மிதவையுடை அணிதல் கோழைத்தனமன்று, அறிவுடைமை.

உள்ளத்துக்கும் ஒரு முறை ஒதுக்குக. தேர்வுத் தோல்வியோ, வீட்டுச் சண்டையோ நெஞ்சை அழுத்தினால் தாயிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். 14416 என்னும் இலவயத் தொலைபேசி எண்ணிலும் உளநல அறிவுரை கிடைக்கிறது. கேட்டுப் பெறுவதில் இழிவில்லை.

இறுதியாக ஒன்று. ஏரி நலிந்தால் இளைஞன் நலிவான். கழிமுகம் மணல்மூடித் தூர்ந்தால் கடல்நீர் வரத்துக் குறைகிறது. மீனும் இறாலும் குறைகின்றன. மீன் குறைந்த வீட்டில் பொட்டலத் தீனி புகுகிறது. அந்த ஏரிக்காகக் குரல் கொடுக்க நாளை வலிய தோள்கள் வேண்டும். தெளிந்த மூளைகள் வேண்டும். நல்ல தமிழில் கேள்வி கேட்கும் நாக்குகள் வேண்டும். குடியில் தளர்ந்த உடலும், திரையில் மயங்கிய கண்ணும் அப்பணிக்குப் பயன்படுமா?

முன்னோரின் உடலைப் பசி விற்றது. அவர்களுக்கு வேறு வழியில்லை. இன்றைய இளையோர்க்கு வழி இருக்கிறது. தேர்ந்துகொள்ளும் உரிமையும் இருக்கிறது. அவ்வுரிமையை எந்தக் கடைக்காரனுக்கும் விற்றுவிடாதீர்!

உடலை ஓம்புக! ஏரியை ஓம்புக! தமிழை ஓம்புக!