தெருக்காவலும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற மாதக் கூட்டத்தில் வாலிபர் பகுதியார் ஒரு தீர்மானம் கொண்டுவந்ததும், அது இம்மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. இருட்டியபின் நமது தெருமுனைகளில் குடித்துவிட்டுக் கூச்சலிடுவோரையும், டியூஷன் முடிந்து திரும்பும் பெண்பிள்ளைகளை வழிமறித்துக் கேலி பேசுவோரையும், மோட்டார் சைக்கிள்களில் பந்தயம் விடுவோரையும் அடக்கும்பொருட்டு, முப்பது வாலிபர்கள் கையில் தடியும் தோளில் பட்டையும் தரித்து இரவில் சுற்றிவர வேண்டுமென்பதும், அதற்காகும் செலவைச் சங்கம் ஏற்கவேண்டுமென்பதுமே அத்தீர்மானம். அதைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபடியால் உங்கள் முன் நிற்கிறோம்.

உபத்திரவம் மெய்யானதே, அதில் நமக்கு ஐயமில்லை. கீழத்தெருவில் இரவு எட்டரை மணிவரை இட்லிக்கடை வைத்திருந்த அம்மாள் ஒருவர் இப்பொழுது ஆறரை மணிக்கே அடுப்பை அவித்துவிடுகிறார். அவரை ஒருவரும் அடிக்கவில்லை. அவரிடமிருந்து ஒன்றும் திருடவுமில்லை. கடைக்கு எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து குடிப்பவர்கள் பேசும் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க அவரால் இயலவில்லை. இரண்டு மணி நேரத்து வியாபாரம் போயிற்று. இதை எந்தச் சட்டப் புஸ்தகத்தில் எந்தக் குற்றமென்று எழுதுவது? பொது இடத்தில் குடிவெறியோடு பிறருக்குத் தொல்லை கொடுப்பவனுக்கு, 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 355-ஆம் பிரிவு விதிப்பது 24 மணி நேரத்திற்கு மேற்படாத வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. சட்டமே இதை அற்பக் குற்றமாகக் கருதுகிறபோது, கொலையும் கொள்ளையும் விசாரிக்கும் ஸ்டேஷன் அதிகாரி இதை அற்பமாகவே எண்ணுகிறார். ஆனால் கொலை நம் தெருவில் பத்து வருஷத்திற்கு ஒருமுறை நடந்தால் அதிகம். இதுவோ தினமும் நடக்கிறது.

போலீஸார் கால்நடையாகத் தெருவில் நடமாடுவதால் பயன் உண்டா என்று அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து நியூவார்க் நகரில் 1978-79-ல் ஒரு பரீட்சை நடத்திப் பார்த்தார்கள். குற்றங்களின் தொகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனினும், காவலர் நடந்துபோன தெருக்களில் ஜனங்களின் பயம் குறைந்தது. அதை ஏமாற்றமென்று சிலர் சொன்னார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. இட்லிக்கடைக்காரம்மாளுக்கு வேண்டியது அந்தப் பயக்குறைவேயன்றி வேறன்று.

நிற்க. உபத்திரவம் மெய் என்பதனால் முப்பது தடிகள் அதற்கு மருந்தாகிவிடுமா? இதை நம் நாட்டார் முன்னமே பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். பாடிகாவல் என்பது கல்வெட்டுக்களிலேயே காணப்படும் பழைய ஏற்பாடு. ஊரார் காவலுக்கென்று வரி கொடுப்பர். காவற்காரர் ஊரைக் காப்பர். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. காலம் செல்லச்செல்ல மதுரைச் சீமையில் இதனின்றும் துப்புக்கூலி என்பதொன்று கிளைத்தது. மாடு களவுபோகும், துப்புச் சொல்ல ஒருவர் வருவார், கூலி கொடுத்தால் மாடு திரும்பிவரும். காவலுக்குக் கூலி கொடுக்காத ஊரில்தான் மாடு அதிகமாகக் காணாமற்போயிற்று. 1896-ல் திண்டுக்கல் பகுதியில், காவலே வேண்டாமென்று குடிஜனங்கள் நிதி திரட்டிக் கிளம்பினார்கள். அதன் முடிவு வீடுகள் எரிந்ததும், களவறியாத குடும்பங்களும் ஊரைவிட்டு ஓடியதுமே. இதில் எந்த ஜாதியையும் குறைகூறுவது நமது கருத்தன்று. தன் வரவுக்கும் செலவுக்கும், அடித்த அடிக்கும், ஒருவரிடத்திலும் கணக்குச் சொல்ல வேண்டாத காவல் யார் கையிலிருப்பினும் அவ்வழியே போகும்.

அதற்குப் பின் சர்க்கார் செய்ததோ அதனினும் கொடிது. 1871-ல் வடநாட்டிற்கென்று பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்பின் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. நம் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். திருடியவனை விட்டு, திருடியவன் பிறந்த குலம் முழுவதையும் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுத்து, இரவில் ஆடவரைப் பேர் கூப்பிட்டு எண்ணிக் காவலில் படுக்கச் செய்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது துப்பாக்கி சுடப்பட்டு, ஒரு பெண்மணி உட்படப் பலர் மாண்டனர். அச்சட்டம் நம் மாகாணத்தில் 1947-ல்தான் நீங்கிற்று.

இப்பழங்கதை இங்கே எதற்கென்று வாலிபர்கள் கேட்கலாம். அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தின் வாசகத்தில் 'வெளித்தெருக்காரர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'வெளித்தெருக்காரர் இரவு எட்டு மணிக்குமேல் நமது தெருக்களில் காரணமின்றி நிற்பதைத் தடுத்தல்' என்பது அதன் மூன்றாவது பகுதி. அந்த ஒரு சொல்லே நம்மை இவ்வளவு தூரம் பேசவைத்தது. வெளித்தெரு என்றால் எந்தத் தெரு என்று எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் விளங்குகிறது. குளத்தங்கரைத் தெருப் பையன் ஒருவன் டியூஷன் வாசலில் தன் தங்கைக்காகக் காத்து நிற்பான். அவனை நம் முப்பதுபேர் சூழ்ந்துகொண்டு, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அவன் சொல்லும் விடை ஊர் முழுவதும் ஏற்கனவே அறிந்த விடை. அப்புறம் என்ன நடக்குமென்று சொல்லவும் வேண்டுமோ?

சட்டத்தையும் சற்று நோக்குவோம். 2023-ஆம் வருஷத்துப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 40-ஆம் பிரிவின்படி, போலீஸார் அல்லாத ஒருவர் பிறரைப் பிடிக்கலாம். ஆனால் பிடிப்பவர் கண்ணெதிரே, ஜாமீனில் விடத்தகாததும் போலீஸார் தாமே கைது செய்யத்தக்கதுமான குற்றம் நடந்திருக்கவேண்டும். அல்லது பிடிபடுபவர் கோர்ட்டாரால் தேடப்படும் பிரசித்தக் குற்றவாளியாயிருக்கவேண்டும். பிடித்தபின் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்திற்குள், போலீஸாரிடம் ஒப்புவிக்கவேண்டும். குடித்துவிட்டு உளறுவது அப்படிப்பட்ட குற்றமன்று. தெருவில் நிற்பதோ குற்றமேயன்று. அவனை மறித்து நிறுத்தினால், மறித்தவனே குற்றவாளி. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி ஒருவனை அவன் ஜாதி முதலிய காரணம்பற்றிக் கொன்றால், கூடிய ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ உண்டென்று நியாய சம்ஹிதையின் 103-ஆம் பிரிவு தனியே எடுத்துச் சொல்லுகிறது. கொல்லவேண்டுமென்று ஒருவரும் புறப்படுவதில்லை. இருட்டில் முப்பது பேர் கையில் தடியிருக்கும்போது எந்த அடி எங்கே விழுமென்று யார் சொல்லக்கூடும்? பிறகு வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டு வாசலுக்கும் அலையப்போகிறவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே.

இன்னொரு விஷயமும் உண்டு. கசப்பானது, சொல்லாமல் விடுவதற்கில்லை. சென்ற பங்குனியில் போலீஸார் பிடித்து வைத்த பந்தய மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு மேற்பட்டவை நம் சங்கத்து அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுடையவை. அன்றிரவே சங்கப் பிரமுகர் சிலர் ஸ்டேஷனுக்குப் போய், 'நம்ம பையன்' என்று சொல்லி வண்டிகளை மீட்டு வந்தார்கள். குளத்தங்கரைத் தெருப் பையன்களின் வண்டிகள் அபராதம் கட்டும்வரை அங்கேயே நின்றன. இதற்குப்பின் நம் தெருவில் தொல்லையென்று புகார் செய்தால், அந்த ஸ்டேஷன் காவலர் மனத்துக்குள் என்ன எண்ணிக்கொள்வார்?

போலீஸாரின் அனுமதியோடு செய்தால் குற்றமில்லையே என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. 1993-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் போலீஸ் சூப்பிரண்டாயிருந்த பிரதீப் பிலிப் அவர்கள், ஜனங்களுக்கும் போலீஸாருக்கும் இடையிலுள்ள மதிலைத் தகர்க்க வேண்டுமென்னும் நல்லெண்ணத்தோடு ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். வாலிபர் பலர் அதில் சேர்ந்து திருவிழாக் கூட்டங்களிலும் பிறவிடங்களிலும் தொண்டு செய்தனர். அது மாகாணம் முழுவதும் பரவிற்று. 2020 ஜூன் மாதம், தொற்றுநோய் ஊரடங்கின்போது, சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடியுண்டு மாண்டார்கள். அவ்விடத்தில் இயக்கத்தைச் சேர்ந்த சிலருக்கும் பங்குண்டென்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தார் அதை மறுத்தனர். எப்படியாயினும், 2020 ஜூலையில் சர்க்கார் அவ்வியக்கத்தைத் தடைசெய்தனர். சம்பளமில்லை, உத்தியோகமில்லை, தவறினால் கேட்பார் இல்லை. ஆனால் ஸ்டேஷனுக்குள் சென்றுவர உரிமை மாத்திரம் உண்டு என்னும் நிலை எவ்வளவு அபாயமானதென்று நாடே பேசிற்று. காவலுக்குத் துணைநிற்பது வேறு; காவலராகவே நிற்பது வேறு.

ஆகில் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? அதுவுமன்று. திருச்சிராப்பள்ளியில் 1999-ல் போலீஸ் கமிஷனராக வந்த ஜே. கே. திரிபாதி அவர்கள் செய்த ஏற்பாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம். நகரத்தைச் சிறுசிறு சுற்றுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னின்ன காவலர் என்று நிலையாக நியமித்தார். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் என்பதில்லை. காவலருக்குத் தெருவின் பெயர்களும் முகங்களும் தெரிந்தன. தெருவாருக்குக் காவலரின் பெயர் தெரிந்தது. புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெயர் எழுதாமலும் போடலாம். குடிசைப் பகுதிகளைப் போலீஸாரே தத்தெடுத்தனர். இவற்றுள் புகார்ப் பெட்டியையே நாம் விசேஷமாகக் கருதுகிறோம். ஏனெனில், சில்லறைத் தொல்லையைப்பற்றிப் புகார் செய்வோருக்கு முதல் தடை சட்டமன்று, 'யார் சொன்னது?' என்னும் கேள்வி. அண்டைவீட்டார் மகன்மேல் புகார் எழுதிக்கொடுத்துவிட்டு மறுநாள் அதே குழாயடியில் நிற்க வேண்டுமே! சிங்கப்பூரிலும் 1983-ல் தோபாயோவில் தொடங்கி, ஜப்பானியரின் கோபான் என்னும் சிறு காவற்சாவடி முறையைத் தழுவி, குடியிருப்புக்களிடையே காவற்சாவடிகளை அமைத்தார்கள். அங்குள்ள நம் உறவினரைக் கேட்டால் காவலர் வீடு வீடாக வந்து விசாரித்த செய்தியைச் சொல்வார்கள்.

ஆதலின் வாலிபர் தீர்மானத்தைத் தள்ளிவிடச் சொல்லாமல், மாற்றி எழுதும்படி கேட்கிறோம். தடியும் பட்டையும் வேண்டாம். மூன்றாவது பகுதி அடியோடு நீங்கவேண்டும். அதற்குப் பதிலாகத் தெருக் குறிப்பேடு ஒன்று வைப்போம். எந்த நாள், எந்த மணி, எந்த முனை, என்ன நடந்தது என்பன மாத்திரம் அதில் இருக்கட்டும். எந்த ஜாதி, எந்தத் தெருக்காரர் என்பது வேண்டாம். பதினைந்து நாளைக்கொருமுறை இருவர் அதன் பிரதியோடு ஸ்டேஷனுக்குப் போய் மனுவாகக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவர வேண்டும். ரசீது இல்லாத புகார் வாய்ச்சொல்லே. பெண்பிள்ளைகளைத் தொல்லைப்படுத்துவது போன்ற பெருங்குற்றமாயின் அது மனு ரசீதோடு நிற்கத்தக்கதன்று. 1998 முதலே நம் மாகாணத்தில் அதற்கெனத் தனிச்சட்டம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை கேட்கவேண்டும். மறுத்தால் சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவின்படி ஜில்லா சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம்.

காவலர் இரவில் வந்து கையெழுத்திடும் பட்டாப் புத்தகம் ஒன்றை நமது சங்கக் கட்டடத்திலும், இன்னொன்றைக் குளத்தங்கரை ரேஷன் கடையிலும் வைக்கும்படி கேட்போம். சில நகரங்களில் அப்புத்தகம் இப்பொழுது கைப்பேசிக்குள் போய்விட்டது. இங்கேயும் அப்படியாயின், இடம் மாத்திரம் இவ்விரண்டாயிருக்கட்டும். குறிப்பேட்டுக் கமிட்டியில் தெருவுக்கு இரண்டு பெண்மணிகளும், குளத்தங்கரைத் தெருவாரில் இருவரும் இருக்கவேண்டும். வெளியார் நம் சங்கக் கமிட்டியில் எப்படி என்று கேட்பவர்கள், அதைச் சங்கக் கமிட்டியென்று எண்ணாமல் தெருக் கமிட்டியென்று எண்ணிக்கொள்ளலாம். இனி எவர் வீட்டுப் பிள்ளைக்காகவும் சங்கத்தின் பேரால் ஸ்டேஷன் படியேறுவதில்லை என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கவேண்டும். பெற்றோர் போகட்டும், வக்கீலும் போகட்டும், சங்க முத்திரை போகவேண்டாம். நமது பள்ளி மைதானத்துக் கதவு மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படுகிறது. எட்டு மணிவரை விளக்கிட்டுத் திறந்துவைத்தால், பந்தயம் விடும் கால்களில் சில பந்தின்பின் ஓடும். மேலும், 2000-ஆம் வருஷத்து ஒலி விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. நம் சங்கத்து ஆண்டுவிழாவிற்கு அவ்விதி பொருந்தாதென்று சிலர் நினைத்திருப்பதுபோல் தெரிகிறது; பொருந்தும்.

தீர்மானத்தை இவ்வாறு திருத்தி அக்கிராசனாதிபதி அவர்கள் சபையார் முன் வைக்கும்படி வேண்டுகிறோம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுதற்குரிய விஷயம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. இட்லிக்கடைக்கு எதிரிலுள்ள தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. கம்பத்தின் எண்ணைக் காகிதத்தில் குறித்து வந்திருக்கிறோம். அதைக் காரியதரிசி அவர்களிடம் இப்பொழுதே கொடுக்கிறோம்.