தேயிலைச் சரிவின் கீழே வைடூரியம்

மெக்சிகோ நாட்டின் நைக்கா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஜிப்சப் படிகங்களுட் சில 35 அடியையும் கடந்தவை. வெந்நீர் நிரம்பிய குகையில் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வளர்ந்தவை அவை.

ஹட்டனுக்கு அப்பால், பொகவந்தலாவைத் தேயிலைச் சரிவுகளின் அடிவாரத்திலும் நிலத்தடிப் படிகங்கள் உண்டு. வைடூரியமும் நீலமும்தாம், பெரும்பாலும் விரல்நுனியளவே. வளர்வதற்கு இடங்கொடுக்கும் குகை அவற்றுக்கு வாய்க்கவில்லை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறைக்குள்ளேயே நெருக்குண்டு பிறந்தவை. பின்னர் பாறை உக்கிக் கரைந்தது. கடினமான மணிகள் மட்டும் உருண்டுவந்து ஓடைச் சரளையில் தங்கின. மாணிக்கக் குழி தோண்டுவோர் அச்சரளைப் படையை ‘இல்லம்’ என்பர்.

அந்த இல்லத்தைத் தேடியே கெசல்கமுவ ஓயாவின் கரைகள் களவாக அகழப்பட்டு வருகின்றன. கரைந்த மண், விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீரளிக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்திற் சென்று படிகிறது.