பங்குனி மாதத்து வடகாடு

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



பிழைப்புக்காக வெளியூரில் இருக்கிற ஏழாயிரம்பண்ணைக்காரர்கள் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வருவது வழக்கம். வந்தால் கோயில், சொந்தபந்தம், சாப்பாடு என்று இரண்டு நாள் போய்விடும். மூன்றாம் நாள் விடியக்காலம் நான் ஊருக்கு வடக்கே கரிசக்காட்டுப் பக்கம் நடந்து போவேன். "என்ன மாமா, மக்காச்சோளம் ஒடிச்சாச்சு, பருத்திமாரும் பிடுங்கியாச்சு. மொட்டைக் காட்டுல என்னத்தப் பாக்கப் போறீக?" என்று பிள்ளைகள் கேட்கும். நல்ல கேள்விதான். மொட்டைக் காட்டில் என்ன இருக்கிறது, அதனால் சம்சாரிக்கு என்ன லாபம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பங்குனியில் காடு காய்ந்து கிடக்கிறது என்போம். ஆனால் மரத்தைப் பாருங்கள். புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளதளவென்று துளிர்க்கும். வேம்பு பூத்து, காற்றடித்தால் பொழியெல்லாம் மணக்கும். பனையில் நுங்கு திரளும். மழை இல்லாத மாதத்தில் இந்த மரங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை அடியிலே பிடித்து வைத்திருக்கிறது. ஆழ வேர் விட்டவன் அதை எடுத்துக் கொள்கிறான்.

மரத்தை விட்டுத் தரையைப் பாருங்கள். ஆட்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெறும் கட்டாந்தரையில், நான்கு சிறு கல்லுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் மண்கட்டி நிறம். நீங்கள் கிட்டத்தில் போனால் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தும். அது சும்மா கத்தவில்லை, "மிதித்துவிடாதே" என்று கும்பிட்டுக் கேட்கிறது. கவுதாரியும் காடையும் பொழியோரப் புல்லில்தான் குஞ்சு பொரிக்கின்றன. காய்ந்த தட்டைக்கும் சருகுக்கும் தீ வைக்கிற மாதமும் இதுவே. நாம் வைத்த தீ பொழியில் ஏறினால் அந்தக் குஞ்சுகள் எங்கே ஓடும்? தட்டையை மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். எரித்தால் ஒரு கை சாம்பல்தான் மிச்சம்.

இனி விருந்தாளிகளைப் பார்ப்போம். பனிக்காலத்தில் சோளக்காட்டில் ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குமே, அதுதான் சூறைக்குருவி. சோளப்பட்சி என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அதற்குச் சொந்த ஊர் நம்ம ஊர் இல்லை. வடக்கே, இமயமலைக்கும் அப்பால், கஜகஸ்தான் முதலான நாடுகளின் புல்வெளிகள். அங்கே பனி உருகிப் புல் முளைக்கிற நேரம் இங்கே நமக்குப் பங்குனி, சித்திரை. நாம் பொங்கலுக்கு ஊர் திரும்புகிற மாதிரி அதுவும் குடும்பம் நடத்த ஊர் திரும்புகிறது.

சோளம் தின்னுகிற குருவி போகட்டும் என்று நினைப்பீர்கள். அது தானியம் தின்பது உண்மைதான். வெட்டுக்கிளியையும் தத்துக்கிளியையும் அதைவிட விருப்பமாகத் தின்னும். சீனாவின் சின்சியாங் பகுதியில் வெட்டுக்கிளித் தொல்லைக்கு மருந்து அடிப்பதைக் குறைக்க, இந்தக் குருவி வந்து கூடு கட்டுவதற்கென்றே கற்களைக் குவித்துக் கூடுகளும் அமைத்துக் கொடுத்தார்கள். நம்ம காட்டில் விரட்டப்படுகிற குருவிக்கு அங்கே வீடு கட்டிக் கொடுத்து அழைக்கிறார்கள்!

அதே திசைக்குப் போகிற இன்னொரு விருந்தாளி பூனைப்பருந்து. இறக்கையை விரித்துத் தரையோடு தரையாக மிதந்து வருமே, அதுதான். எலி, ஓணான், தத்துக்கிளி அதற்கு உணவு. மரத்தில் அடையாது. புல்தரையில்தான் இரவு தங்கும். மந்தையும் மேய்ச்சல் தரிசும் சீமைக்கருவேலம் மண்டிப் போனால் அது தங்க இடமில்லை. உங்கள் வெள்ளாட்டுக்கும் மேய்ச்சல் இல்லை.

இப்போது வேலைக்கு வருவோம். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு கோடை மழை விழுந்து ஈரம் பட்டவுடன் சரிவுக்குக் குறுக்கே ஆழ உழுதுவிட வேண்டும். அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும் என்பது ஒரு லாபம். இன்னொரு லாபத்தையும் சொல்லுகிறேன். பருத்தியையும் பயறையும் துளைக்கிற பச்சைக் காய்ப்புழு, மக்காச்சோளக் குருத்தைத் தின்கிற படைப்புழு ஆகிய இரண்டும் மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகின்றன. படைப்புழு நம் நாட்டுக்குப் புதிது. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே வேகத்தில் நம்ம கரிசலுக்கும் வந்துவிட்டது. அதன் கூட்டுப்புழு மேல்மண்ணில் ஓரிரண்டு அங்குலம், மிஞ்சினால் மூன்று அங்குல ஆழத்தில் கிடக்கும். உழுதால் மேலே வரும். வெயிலில் பாதி சாகும். மீதியைக் கரிச்சானும் மைனாவும் கொக்கும் பொறுக்கிவிடும். ஏர் போனாலும் டிராக்டர் போனாலும் பின்னாலேயே அவை வருவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கூலி கேட்காத ஆட்கள் அவை!

பயிர் நிற்கும்போதும் இந்த ஆட்களை வைத்துக் கொள்ளலாம். பருத்தி, உளுந்து, பாசிப்பயறு வயலில் ஏக்கருக்கு 20 இடத்தில், பயிருக்குச் சற்று மேலே நிற்கும்படி, கவைக் குச்சியோ குறுக்குக் கட்டை வைத்த கம்போ ஊன்றுங்கள். கரிச்சான் அதிலே உட்கார்ந்து புழுவைக் குறி வைக்கும். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். சோளம், கம்பு மணி பிடிக்கிற சமயத்தில் மட்டும் குச்சிகளை எடுத்துவிடுங்கள். மக்காச்சோளம் போடுகிறவர்கள் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இட்டு உழுங்கள்.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் போதுமா? பன்றிக்கும் மயிலுக்கும் என்ன வழி என்று கேட்பீர்கள். ஒரே இரவில் அரை ஏக்கர் மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போகிற பன்றி மீது கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில்தான் சில பேர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். வெடிமருந்து நம்ம பகுதிக்குப் பிழைப்பு. அதன் குணம் நமக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. பண்டத்துக்குள் பொதிந்த வெடிக்கு, கடிக்கிற வாய் பன்றியுடையதா, பசுவுடையதா என்று தெரியுமா? மேயப் போன சினைப்பசு கடித்தால் தாடை போய்விடும். விளையாடுகிற பிள்ளை கையில் எடுத்தால் என்ன ஆகும்? 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் சினையாக இருந்த யானை ஒன்று வெடி வைத்த பண்டத்தைக் கடித்து, வாய் புண்ணோடு ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. நம்ம தொழில் அந்த மாதிரிக் காரியத்துக்குப் பெயர் எடுக்க வேண்டாம்.

தானியத்தில் விஷம் கலந்து வைப்பதும் அப்படித்தான். மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது சிறைக்குப் போகிற குற்றம். அதோடு, அந்த விஷத்தைத் தின்பது மயில் மட்டுமா? நம்ம வீட்டுக் கோழியும் தின்னும். செத்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகும். ஆந்தை செத்தால் அடுத்த வருஷம் எலி பெருகும். அந்தக் கணக்கு நமக்குத்தான் நஷ்டம்.

பன்றி விஷயத்தில் அரசாங்கம் 2025 தொடக்கத்தில் ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். நாமாகச் சுடக்கூடாது. ஆகையால் சேதம் கண்ட அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒருத்தர் போவதைவிடப் பக்கத்துப் பிஞ்சைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து போனால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

கடைசியாக, இன்னும் கொஞ்சம் தூரம் பார்ப்போம். வடக்கே வெம்பக்கோட்டையும் வைப்பாறும். அதற்கும் வடமேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. அங்கே செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. தலை முதல் வால் நுனி வரை இரண்டு, இரண்டரை அடி இருக்கும். இலங்கையிலும் தென்னிந்தியாவில் சில இடங்களிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதற்காகவே 1988-இல் அந்த மலையைச் சரணாலயமாக்கினார்கள். 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவித்தார்கள்.

இந்த அணில் தரையில் இறங்க அஞ்சும். கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். காட்டில் மட்டுமல்ல, அடிவாரத்துச் சம்சாரிகளின் மாந்தோப்பிலும் புளியமரத்திலும்கூடக் கூடு கட்டிக் குடியிருக்கிறது. நடுவிலே ஒரு மரத்தை வெட்டினால் அதற்குப் பாலம் அறுந்த மாதிரி. ஆக, அரசாங்கம் காப்பாற்றுகிற அணிலுக்குப் பாதி வீடு நம்மைப் போன்ற விவசாயிகளின் தோப்பில் இருக்கிறது.

அணிலுக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த மலைத்தொடரில் பெய்கிற மழைதான் ஓடையாக இறங்கி வைப்பாற்றில் சேருகிறது. வெம்பக்கோட்டை அணைக்கு வருகிற தண்ணீர் அதுதான். மலையில் மரம் இருந்தால் தண்ணீர் மெல்ல வரும், பல நாள் வரும். மரம் இல்லையென்றால் ஒரே நாளில் வண்டலோடு வந்து கடலுக்குப் போய்விடும்.

ஆகவே பெருமக்களே, இந்தப் பங்குனியில் நான்கு காரியம் செய்யுங்கள். பொழியிலே தீ வைக்காதீர்கள். வேம்பையும் பனையையும் வெட்டாதீர்கள். கிணற்றடியில் ஒரு தொட்டித் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். ஆடு மாடு குடித்த மிச்சம் குருவிக்கு ஆகும். அவுட்டுக்காய் வைக்கிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். சொந்தக்காரன் சொன்னால் கேட்பார்.