காற்றுக்கு வேலியில்லை

எதற்கும் அஞ்சாத தந்திரசாலியை, "அவன் சரியான எம்டன்" என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. இராமநாதபுரக் கடற்கரையில் தேசிய மாணவர் படையிற் பயிலும் இளைஞர்கள் அதன் முடிவை அறிந்திருத்தல் நலம்.

அக்கப்பல் வங்கக் கடலில் அகப்படாது திரிந்ததற்கு அதன் வாயடக்கமும் ஒரு காரணம். கம்பியில்லாத் தந்தியில் பிறர் பேசுவதை அது கேட்டது. தான் பேசுவதைத் தவிர்த்தது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க நெருங்கியபோதோ, தன் நிலக்கரிக் கப்பலைச் சங்கேத மொழியில் அழைத்தது. நிலையத்தார் அதனைக் கேட்டனர். பொருள் விளங்காவிடினும் ஐயம் எழுந்தது. அயற்கப்பல் ஒன்று வாயிலில் நிற்பதாக உடனே உலகிற்கு அறிவித்தனர். எம்டன் இரைச்சலை எழுப்பி அச்செய்தியை அமுக்க முயன்றும் பயனில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. அடிபட்ட எம்டன் பவளப்பாறையில் ஏறிச் சிதைந்தது.

சங்கேதம் உடையவில்லை. பேசினான் என்பதே காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்று அந்தத் தந்தி நம் சட்டைப் பையில் இருக்கிறது. வைஃபை திறந்திருக்கும் கைப்பேசி, நாம் தொடாதபோதும், "அறிந்த வலை அருகில் உண்டோ?" என்று அடிக்கடி கூவுகிறது. பழைய கருவிகள் தாம் முன்பு இணைந்த வலையின் பெயரையே சொல்லி அழைக்கும். பகைவன் அப்பெயரைச் சூட்டிக்கொண்டு விடையளித்தால், கருவி ஏமாறவும் கூடும். பூட்டுகளும் என்றும் நிலைப்பதில்லை: வைஃபையின் முதற் பூட்டாகிய வெப் என்பதன் குறையை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் வெளிப்படுத்தினர். 2018இல் வந்த டபிள்யு.பி.ஏ.3 அதனினும் வலிது. ஆயினும் பேசுபவன் அங்கிருக்கிறான் என்பதை அதுவும் மறைக்காது.

தனுஷ்கோடி மணலில் நிற்பவர் கைப்பேசியில் இலங்கையின் அலை எட்டிப்பார்க்கிறது. அவ்வலை இங்கு வருமாயின், நம் அலையும் அங்குச் செல்லும் அன்றோ? உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவற்படையும் உள்ள கரை இது. ஆதலின், பயிற்சி பெறும் மாணவர் மூன்றைப் பழக வேண்டும்: வேண்டாதபோது அலையை அணைத்தல்; பழைய வலைகளின் பெயர்களை நீக்குதல்; விடையளிப்பவன் யார் என்று உறுதிசெய்த பின்னரே இணைதல்.

துப்பாக்கியை ஏந்துமுன் அதன் பூட்டைப் பார்க்கக் கற்பிக்கிறோம். கைப்பேசிக்கும் அவ்வொழுக்கமே வேண்டும்.