விமான உணவும் நம் பந்தியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். பள்ளி இறுதி வகுப்பு வரை பயின்று, இருப்புப்பாதை அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங் கழிக்கும் எழுத்தருக்கு ஆகாய விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கேட்பது முறையே. வானில் யாம் பறந்தது இருமுறைதான். ஆயினும், தரையில் நாம் செய்த ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வானத்திலிருந்து சில பாடங்களைக் கற்கலாம் என்று தோன்றியதால் துணிந்து நிற்கிறோம். குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

முதலில் அப்பிழையைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு விழாவில் உணவுக் குழுவின் பொறுப்பு எம்மிடம் இருந்தது. நானூறு பேருக்குப் பந்தி. ஆளுக்கு மெழுகுபோல் மினுக்கும் தட்டொன்று, கிண்ணம் இரண்டு, கரண்டி ஒன்று, சிறு தண்ணீர்ப் புட்டி ஒன்று. ஆக ஆளுக்கு ஐந்து. நானூறு பேருக்கு 2,000 உருப்படிகள். அவற்றுட் சில இம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டவை என்பதை யாம் அறிவோம். அறிந்தே கடையில் கேட்டோம், கடைக்காரரும் கொடுத்தார். வேலை எளிதாயிற்று என்று மகிழ்ந்தோம். மாலை நான்கு மணிக்கெல்லாம் எல்லோரும் வீடு திரும்பினோம்.

கணக்குப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டதால் இரவு ஒன்பது மணிக்கு யாம் மீண்டும் மண்டபத்திற்குச் சென்றோம். பின்புறத்தில், மங்கிய விளக்கொளியில், துப்புரவுத் தொழிலாளியான ஓர் அம்மையார் குந்தியிருந்து, நாம் எறிந்த குவியலைக் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். சோற்றை ஒருபுறமும் நெகிழியை ஒருபுறமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிரிக்காத குப்பையை வண்டி ஏற்றாது என்பது விதி. எங்களைக் கண்டதும் தமிழிலேயே பேசினார். அவருடைய தாயார் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவராம்.

“ஐயா, வாழை இலையாக இருந்தால் மாட்டுக்காவது போட்டிருப்பேன். இதை யார் தின்பது?” என்றார். அவர் சினந்து கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர்போல் கேட்டார். எம்மிடம் விடையில்லை. மேடையில் அன்று காலை விருந்தோம்பலைப் பற்றி மூன்று பேர் சொற்பொழிவாற்றினர். அந்த விருந்தின் மிச்சத்தைச் சுமந்தவரும் தமிழ்மகளே. அவருக்கு ஓர் அழைப்பிதழும் நாம் அனுப்பவில்லை.

நிற்க. இனி விமானத்திற்கு வருவோம்.

விமானத்தில் உணவு எப்படி வருகிறது? சிறிய தட்டம், அதற்குள் கிண்ணங்கள், ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய உறை, உறையிட்ட கரண்டி, குவளை, கலக்குங் குச்சி. அரை மணி நேரத்தில் அத்தனையும் குப்பையாகிறது. உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பாகிய ஐயாட்டா, 2016ஆம் ஆண்டில் விமான அறைகளிலிருந்து வெளியேறிய கழிவு சுமார் 52 இலட்சம் டன் என்று மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, எவரும் தொடாத உணவும் பானமும் ஆகும். உண்டு எறிந்ததை விட்டுவிடுவோம். உண்ணாமல் எறிந்ததே இவ்வளவு.

இந்த நிலை ஏன் வந்தது? விமானத்தார் அறியாமையால் செய்தனர் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு எடையே பகை. ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவாகும். நெகிழியோ இறகுபோல் இலேசானது. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தித் தாக்கிய கொடுமைக்குப் பின்னர், பாதுகாப்புக் கருதி உலோகக் கத்திகளும் தட்டங்களினின்று நீங்கின. மேலும், வெளிநாட்டு விமானங்களில் மிஞ்சிய உணவால் கால்நடை நோய் பரவலாம் என்று அஞ்சிப் பல நாடுகள் அக்கழிவை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ சட்டம் செய்துள்ளன. மறுபடி பயன்படத்தக்க பொருளும் அதனோடு சேர்ந்து எரிந்து போகிறது.

இத்துணை இடையூறுகள் இருந்தும் சிலர் முயன்றனர். போர்ச்சுகல் நாட்டு ஹை ஃபிளை நிறுவனம் 2018 டிசம்பர் 26ஆம் நாள், லிஸ்பனிலிருந்து பிரேசிலின் நத்தால் நகருக்கு, ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழி ஏதுமின்றி விமானத்தைச் செலுத்தியது. மூங்கிற் கரண்டிகளும் மக்கத்தக்க கலங்களும் அதில் இடம்பெற்றன. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் எத்திஹாத் நிறுவனம் அபுதாபியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு அவ்வாறே பறந்தது. அதற்குமுன் தன் விமானத்தில் உள்ள ஒருமுறைப் பொருள்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தது. 95க்கு மேல் இருந்தன. அப்பயணத்தில் தின்னத்தக்க காப்பிக் குவளையும் வைத்தனர்! காப்பியைப் பருகிவிட்டுக் குவளையையும் கடித்துத் தின்னலாம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

நம் நாட்டைப் பார்ப்போம். ஏர் இந்தியா 2019ஆம் ஆண்டு, காந்தியடிகளின் 150ஆம் பிறந்த நாளான அக்டோபர் 2 முதல் ஒருமுறை நெகிழியை விலக்கப்போவதாக அறிவித்தது. வாழைக்காய் வறுவலையும் ரொட்டித் துண்டுகளையும் நெகிழி உறைக்கு மாற்றாக வெண்ணெய்த்தாள் உறையில் இடுவது, நெகிழிக் கரண்டிக்கு மாற்றாக மரக் கரண்டி வைப்பது, நெகிழிக் குவளைக்குப் பதிலாகத் தாட்குவளை தருவது, பணியாளர்களுக்கு இலேசான உலோகக் கரண்டி கொடுப்பது ஆகியவை அத்திட்டத்தில் அடங்கும். பின்னர் இந்திய அரசின் விதிகளின்படி, 2022 ஜூலை 1 முதல் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியன நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டன. கருநாடக அரசு இவற்றுட் பலவற்றை 2016 மார்ச்சிலேயே தடைசெய்திருந்தது. நம் தாயகமாகிய தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கைக்கொள்ளும் இயக்கமும் தொடங்கிற்று.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, எண்ணிப் பார்த்தல். எத்திஹாத் தன் பொருள்களை எண்ணிய பிறகே மாற்ற முடிந்தது. எழுத்தராகிய எமக்கு இது இனிய செய்தி. எண்ணாதது ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாதது திருந்தாது. 2,000 உருப்படிகள் என்று சற்றுமுன் கூறினோமே, அதை விழாவுக்கு முன்பு எவரும் எண்ணவில்லை. அந்த அம்மையாரைக் கண்ட பிறகே எண்ணினோம்.

இரண்டாவது, ஒன்றை எறிந்துவிட்டு மற்றொன்றை எறிவது திருத்தமாகாது. தாட்குவளை என்கிறோம், அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு. பூச்சு இல்லையேல் காப்பி ஒழுகிவிடும். மரக் கரண்டியும் ஒருமுறை உண்டபின் குப்பைதான். ஆகவே, எதைக் கொண்டு மாற்றுவது என்பதற்கு முன், இது வேண்டுமா என்று கேட்க வேண்டும். இந்நகரிலிருந்து 2003ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான், குறைந்த கட்டணம் கருதி இலவச உணவு அளிக்கவில்லை. வேண்டுவோர் விலைக்கு வாங்கினர். கருதியது சிக்கனம், ஆயினும் வேண்டாதவர் முன் தட்டம் வைக்கப்படவில்லை. ஜப்பான் ஏர்லைன்ஸ், உணவு வேண்டாதோர் முன்னதாகவே தெரிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. உறங்க விரும்புபவரை எழுப்பி உணவளிக்க வேண்டுவதில்லை அல்லவா?

மூன்றாவது, ஒரு நாள் கொண்டாட்டம் வழக்கமாகிவிடாது. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது நம் நாட்டு விமானங்களில் உணவே நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தபோது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலங்களிலேயே தரவேண்டும் என்று அரசு பணித்தது. அச்சத்தின் காரணமாக எழுந்த விதி அது, குறைகூற மாட்டோம். ஆயினும் முன் ஆண்டு எடுத்த அடி பின்வாங்கிற்று என்பதும் உண்மை.

எங்கள் இருப்புப்பாதையிலும் இதைக் கண்டோம். 2004ஆம் ஆண்டில் இரயில்வே அமைச்சராயிருந்த லாலு பிரசாத் யாதவ், நிலையங்களில் மட்குவளையில் தேநீர் தரவேண்டும் என்று ஆணையிட்டார். யாம் பணியிற் சேர்ந்த புதிது. குயவர் பெருமக்களுக்கு வாழ்வு பிறந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் குவளை கனத்தது, வழியில் உடைந்தது, விலையும் கூடியது. சில ஆண்டுகளில் நெகிழியும் தாளும் அதன் இடத்தைப் பிடித்தன. நல்ல ஆணைதான், அதைத் தாங்கும் ஏற்பாடு போதவில்லை.

இப்பொழுது நம் பந்திக்கு வருவோம். விமானத்தார்க்கு எடை பகை என்றோம். நமக்கு அப்பகை உண்டா? நம் மண்டபம் பறக்கப் போவதில்லை. முப்பதாயிரம் அடி உயரத்தில் பறப்பவர்கள் கரண்டியைக் குறைக்க வழி தேடும்போது, தரையில் சப்பணமிட்டு அமரும் நமக்கு என்ன தடை?

தடைகள் இல்லாமல் இல்லை. குழுவில் இவ்யோசனையைச் சொன்னபோது நண்பர்கள் மூன்று வினாக்கள் எழுப்பினர். யார் கழுவுவது, எங்கே வைப்பது, செலவென்ன என்பன அவை. ஒரு பெரியவர், “2024இல் கிணறுகள் வற்றி நகரமே தண்ணீருக்குத் தவித்தது, நீர் நானூறு குவளை கழுவப் போகிறீரா?” என்று கேட்டார். நேர்மையான வினா. அதற்கு நேர்மையாகவே விடை தேடினோம்.

உண்பதற்கு வாழை இலை. அதைக் கழுவி அடுக்க வேண்டுவதில்லை. பாயசத்திற்கும் இரசத்திற்கும் தொன்னை. தொன்னையை இந்நகரத்தார்க்கு நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. தொன்னை பிரியாணி இங்குப் பெயர் பெற்றது. இலை கிடைக்காத நாளில் பாக்குமட்டைத் தட்டு. மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் தானே உதிரும் மட்டையிற் செய்வது. கழுவ வேண்டியது தண்ணீர்க் குவளை ஒன்றே.

செலவுக் கணக்கு இதோ. சென்ற ஆண்டு தட்டு முதல் புட்டி வரை கொடுத்தது ரூ. 9,200. இவ்வாண்டு இலைக்கு ரூ. 2,400, தொன்னைக்கு ரூ. 1,200, கழுவும் கூலி ரூ. 1,500, ஆக ரூ. 5,100. ஒரு பந்திக்கு மிச்சம் ரூ. 4,100. நானூறு எவர்சில்வர் குவளை வாங்க ஒருமுறை ரூ. 18,000 ஆகும். பொங்கல், ஆண்டு விழா என ஆண்டுக்கு இரு பந்தி. ஐந்தாம் பந்தியில் போட்ட முதல் திரும்பிவிடும். குவளையோ நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை உழைக்கும். அத்தொகை இப்பொழுது கையில் இல்லையெனின், வழியுண்டு. இந்நகரில் அதம்ய சேதனா என்னும் தொண்டு நிறுவனம், விழாக்களுக்கு எவர்சில்வர் தட்டும் குவளையும் இரவல் தரும் தட்டு வங்கியை நடத்திவந்துள்ளது. அங்குக் கேட்டுப் பார்க்கலாம். அல்லது ஒவ்வொரு குடும்பமும் தத்தம் குவளையோடு வரலாம். நம் பாட்டனார் புகைவண்டியேறும்போது கூசாவில் தண்ணீர் கொண்டு சென்றார், எவரும் நகைக்கவில்லை.

பாத்திரத்தை வைக்க இடமில்லை என்ற வினாவுக்கு விடை எம் வீட்டில் உள்ளது. மாடிப்படியின் கீழ் இரண்டு பெட்டிகளுக்கு இடம் இருக்கிறது. வீட்டு அம்மையாரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே இதை அறிவிக்கிறோம்.

அன்பர்களே! வேற்றூரில் வாழும் நாம், நம் மொழியையும் பண்பையும் காத்துவருகிறோம் என்று பெருமை பேசுகிறோம். உண்மைதான். ஆனால் இந்நகரத்தாரும் நம்மைப் பார்க்கிறார்கள். நாம் மேடையில் பேசுவதைக் காட்டிலும், விழா முடிந்தபின் மண்டபத்தை எந்நிலையில் விட்டுச் சென்றோம் என்பதையே அவர்கள் காண்பார்கள். இந்நகரின் குப்பை மண்டூரிலும் மாவள்ளிபுரத்திலும் மலையாய்க் குவிந்தபோது, அவ்வூர் மக்கள் எங்கள் காற்றையும் கிணற்றையும் கெடுக்காதீர்கள் என்று போராடினர். அம்மலையில் நம் பந்தியின் பங்கு சிறிதேனும் இருந்திருக்கும்.

ஆகவே எம் வேண்டுகோள் இரண்டு. வரும் ஆண்டு விழாப் பந்தியில் இலை, தொன்னை, எவர்சில்வர் குவளை தவிர வேறெதுவும் வைப்பதில்லை என்று இக்கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இது ஒன்று. அந்த அம்மையாரையும் அவருடன் பணிபுரிவோரையும் முறைப்படி அழைத்து, முதற் பந்தியில் அமரச் செய்யுங்கள். இது மற்றொன்று. செலவு மிகுந்தால் உணவுக் குழுவே ஈடுசெய்யும். அக்குழுவில் சென்ற ஆண்டுப் பிழையைச் செய்த யாமும் இருக்கிறோம்.



வாழ்க தமிழ்! வாழ்க நமக்கு வாழ்வளித்த இந்நகரம்!