அடுத்தடுத்த வீடுகள்



கரமனையிலும் வலியசாலையிலும் நம் முன்னோர் ஒரே சுவரை இரு வீட்டார்க்கும் பொதுவாக்கி வாழ்ந்தனர். அடுத்த வீட்டுத் தாளிப்பு நம் கூடத்தில் மணக்கும், சண்டையுந்தான் கேட்கும்! இன்று பிள்ளைகள் அயலூரில். வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. கழக்கூட்டத்திற்கு வேலைக்கு வரும் நம் இளந்தம்பதியரோ வாடகை வீடு தேடி அலைகின்றனர்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகராட்சிகள் சில பகுதிகளைக் குறித்து, அங்கே பல குடும்பங்கள் வாழும் கட்டடம் எழுப்புவோர்க்குச் சில ஆண்டுகள் வரிவிலக்கு அளிக்கலாயின. 2007இல் சட்டத்தைத் திருத்தி, 12 ஆண்டு விலக்கு வேண்டுவோர் ஐந்தில் ஒரு பங்கு வீட்டையேனும் எளியோர்க்கு ஒதுக்க வேண்டுமென விதித்தனர். இந்நிபந்தனையின்றேல் அச்சலுகை செல்வர்க்கே போய்ச் சேரும் என்பது நம் கருத்து.

நம் நகரிலேயே, கரிமடம் காலனியைப் பாருங்கள். லாரி பேக்கரும் சேர்ந்து 1985இல் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்டு நிறுவனம், அங்கிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அவ்விடத்திலேயே மாடி வீடுகள் கட்டிற்று. ஊருக்கு வெளியே எவரையும் விரட்டாமல் இது கூடுமென்று கண்டோம்.

அக்கிரகாரங்களை இடிக்கும்படி நாம் கேட்கவில்லை. அவற்றிற்கு அருகே, முதியோர்க்குக் கீழ்த்தளம் ஒதுக்கிய அடுக்குவீடுகளுக்கு இடம் குறிக்கும்படியே கேட்கிறோம். மாநகராட்சிக்கு அனுப்பவுள்ள விண்ணப்பம் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிட்டபின் உணவுக்குச் செல்லுமாறு வேண்டுகிறோம்.